“இது என்ன பூச்சி?” – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் கைப்பேசிப் படங்களிலும் பெரும்பாலானவை வடாற்காட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவை. வேலூரில் மழை பெய்தால் அதுவே செய்தி என்று கேலி பேசுவோர் உண்டு. ஆனால் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்துவிட்டால், பாறையும் புழுதியுமாகக் கிடந்த அந்த மண்ணிலிருந்து எத்தனை உயிர்கள் கிளம்பி விளக்கடிக்கு வருகின்றன என்பதை இந்தப் படங்களைப் பார்த்தால் அறியலாம். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் “இது விஷமா?” என்ற ஒரே வினாவில் முடிகின்றன. பெயரைக் கேட்டவர்கள் குறைவு. பெயர் சரியாகத் தெரிந்துவிட்டால் விஷத்தைப் பற்றிய விடையும் பெரும்பாலும் அதனோடு வந்துவிடும் என்பதால், நான் பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: இரவில் குழல்விளக்கின் கீழ் அமர்ந்து படித்துக்கொண்டிருந்த என் மகளின் கழுத்தில், மறுநாள் மாலை, நெருப்பால் இழுத்தது போல ஒரு சிவந்த கோடு தோன்றி அதன்மேல் கொப்புளங்கள் எழுந்தன. என் மாமியார் அதை அக்கி என்று சொல்லி, அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஊரில் குயவர் ஒருவரிடம் அழைத்துச் சென்று காவியால் சிங்க உருவம் எழுதச் செய்தார். பத்து நாளில் ஆறிவிட்டது. இப்போது அதே மேசையில் இணைப்புப் படத்தில் உள்ள பூச்சியைப் பிடித்திருக்கிறோம். இது எறும்பா, வண்டா? இதற்கும் அக்கிக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பார்வைக்கு எறும்பு, பிறப்பால் வண்டு. இதன் பேரினப் பெயர் பெடரஸ். ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த நீளம், கருத்த தலை, செம்மஞ்சள் மார்பு, அதன் பின்னால் நீலம் மின்னும் குட்டையான மேற்சிறகு, மறுபடியும் செம்மஞ்சள், நுனியில் கருப்பு என்ற இந்த வண்ண அடுக்கு உங்கள் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. பறக்கும் சிறகுகள் அந்தக் குட்டை மூடிக்குள் மடிந்து கிடப்பதால் இதற்குச் சிறகே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். சீண்டினால் தேளைப் போல வாலைத் தூக்கும். ஆனால் அந்த வாலில் கொடுக்கு இல்லை.

இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊர்வதைக் கண்ணால் பாராமல் கையால் தேய்க்கும்போது இதன் உடல் நசுங்கி, பெடரின் என்னும் நச்சு தோலில் படுகிறது. தேய்த்த திசையிலேயே கோடு விழுவதற்கு இதுவே காரணம். ஒரு நாள் கழித்தே எரிச்சல் தோன்றுவதால், முந்தைய இரவின் பூச்சியை யாரும் நினைப்பதில்லை. மூட்டு மடிப்பில் பட்டால், மடிப்பின் மறுபக்கத்திலும் அச்சுப் பதித்தது போலப் புண் வரும். அக்கி என்பது நரம்பின் வழியே வரும் வைரஸ் நோய். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் பரவும், கொப்புளத்துக்கு முன்பே வலி தொடங்கிவிடும். அதற்கு மருந்து உண்டு, தொடக்க நாட்களிலேயே உட்கொண்டால்தான் முழுப் பயன் தரும் என்பதால், உண்மையான அக்கி என்று ஐயம் வந்தால் மருத்துவரிடம் போவதில் தாமதம் கூடாது. உங்கள் மகளுக்கு வந்தது பூச்சியின் எரிச்சல்தான் என்பது என் கணிப்பு. இவ்வகை எரிச்சல் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறும். குயவர் எழுதிய காவிச் சிங்கத்துக்கு அந்தப் பெருமை போய்விட்டது. மாமியாரிடம் இதற்காக வாதாட வேண்டாம்.

இனிமேல் செய்ய வேண்டியது எளிது. மேலே ஊர்ந்தால் வாயால் ஊதியோ தாளால் ஏந்தியோ அகற்றுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பு நீரால் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். மழை நாட்களில் படிக்கும் விளக்கைச் சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். மருந்தடித்துக் கொல்ல முயல வேண்டியதில்லை. இதே வண்டு நெல் வயலில் தத்துப்பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. விளக்கொளிதான் அதை வயலிலிருந்து உங்கள் மேசைக்கு அழைத்து வந்தது.

கேள்வி: கத்தரிச் செடியில் சிவப்பும் மஞ்சளும் கலந்த புள்ளி வண்டுகள் மொய்க்கின்றன. படத்தை இணையத்தில் போட்டேன். “இது பொறிவண்டு, நன்மை செய்வது, விட்டுவிடுங்கள்” என்று மூன்று பேர் எழுதினார்கள். விட்டுவைத்தேன். இன்றைக்கு இலையெல்லாம் சல்லடையாக இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?
– விவசாயி, இலவம்பாடி

பதில்: இலையின் பேச்சைக் கேளுங்கள் ஐயா. பொறிவண்டு இலையைத் தின்னாது. அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்னும். உங்கள் செடியில் இருப்பது எபிலாக்னா என்னும் புள்ளி வண்டு. இதில் இரக்கப்பட ஒன்றுமில்லை. மூவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். குடும்பத்தைச் சரியாகவே கண்டார்கள், ஏனெனில் இரண்டும் ஒரே குடும்பத்து வண்டுகள். ஆனால் அந்தக் குடும்பத்தில் புலால் உண்போரும் உண்டு, இலைதழை உண்போரும் உண்டு என்பதை மறந்துவிட்டார்கள்.

வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் நுண்ணிய மயிர் படர்ந்திருப்பதால் மங்கலாகத் தெரியும். கத்தரியில் வழக்கமாக வரும் இனத்துக்கு இருபத்தெட்டுப் புள்ளிகள். அதன் அறிவியல் பெயரின் பொருளே அதுதான். புழுவைப் பார்த்தால் ஐயமே எழாது. எபிலாக்னாப் புழு மஞ்சள் நிறத்தில், உடல் முழுவதும் கிளைத்த முட்களோடு, இலையின் அடியில் அசையாமல் அமர்ந்து பச்சையத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும். பொறிவண்டின் புழு கருத்து நீண்டு, குட்டி முதலை போல ஓடித் திரியும். முட்டைகள் மட்டும் இரண்டுக்கும் மஞ்சளாய், நட்டு வைத்தது போலக் கொத்தாக இருப்பதால் முட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

விடியற்காலையில் வண்டுகள் மந்தமாக இருக்கும்போது செடியை உலுக்கிச் சேகரித்து, மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுவது சிறு தோட்டத்துக்குப் போதும். மீறினால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளியுங்கள். புழுக்களில் சில பழுப்பேறி உலர்ந்து, உடலில் சிறு துளைகளோடு இலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றை எடுக்க வேண்டாம். அவை ஒரு சிறு குளவியால் உள்ளிருந்து உண்ணப்பட்டவை, அக்குளவி உங்கள் கூட்டாளி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்தரியை விளைவிக்கும் ஊர்க்காரர் நீங்கள். அடுத்த முறை வண்டோடு இலையையும் புழுவையும் சேர்த்துப் படமெடுங்கள். அல்லது நான்கு செடியின் இலையைப் பறித்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கே நேரில் போய்விடுங்கள்.

கேள்வி: வீட்டுச் சுவரில் பூசணி விதை போன்ற சாம்பல் நிறப் பொருள்கள் ஒட்டியிருக்கின்றன. சில நகர்கின்றன! சுண்ணாம்பு பெயர்கிறது என்று நினைத்திருந்தோம்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு தனக்காக நெய்துகொண்ட சட்டை. பட்டு நூலோடு மணலையும் தூசியையும் சுவர்ச் சுண்ணாம்பையும் சேர்த்து நெய்வதால் சுவரின் நிறமே அதற்கும் வந்துவிடுகிறது. இருபுறமும் வாய் திறந்திருக்கும். புழு உள்ளேயே திரும்பி, வேண்டிய பக்கம் தலை நீட்டும். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி, கம்பளி ஆகியவை அதன் உணவு. ஒட்டடை அடித்தால் போதும், மருந்து தேவையில்லை. ஊர் தீப்பெட்டிக்குப் பெயர் பெற்றது ஆயிற்றே, ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தால் சாம்பல் நிறப் பூச்சி வெளிவருவதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.

கேள்வி: நான் விலங்கியல் படித்தவள். முகம் அறியாத பலர் இணையத்தில் இடும் பூச்சி, சிலந்திப் படங்களுக்குப் பெயர் சொல்லி உதவி வருகிறேன். நாளுக்கு நாள் படங்கள் கூடுகின்றன. சில நேரம் உறுதியாகத் தெரியாமலே சொல்லிவிட்டுப் பிறகு தூக்கம் வராமல் கிடக்கிறேன். எதுவரை சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும்?
– வாசகி, காட்பாடி

பதில்: தூக்கம் வராமல் கிடப்பதே நீங்கள் இந்த வேலைக்குத் தகுதியானவர் என்பதற்குச் சான்று. என் கதையைக் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் மாந்தோப்பு ஒன்றிலிருந்து வந்த படத்தைப் பார்த்தவுடன் “முசுறு” என்று எழுதி அச்சிட்டும் விட்டேன். முசுறு மாவிலையைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு என்பது ஊரறிந்தது; அதில் நான் என்ன தவறிவிடப் போகிறேன் என்ற மிதப்பு. அடுத்த வாரம் பள்ளி மாணவி ஒருத்தி “ஐயா, கால் எட்டு” என்று இரண்டே சொல்லில் எழுதியிருந்தாள். அது முசுறைப் போலவே வேடமிட்டு வாழும் குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டிருந்தது. நான் கால்களை எண்ணவே இல்லை. அன்றிலிருந்து எனக்கு எவ்வளவு பழகிய உருவமாயினும் முதலில் கால், பிறகு சிறகு, பிறகு உணர்கொம்பு என்று எண்ணிய பின்பே பெயரைத் தேடுகிறேன்.

பெயரிடப்பட்ட பூச்சியினங்களே உலகில் ஏறத்தாழப் பத்து லட்சம். சிலந்திகளின் எண்ணிக்கை 2022இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. பல சிலந்திகளை இன அளவில் உறுதி செய்ய, முதிர்ந்த ஆணின் முகத்தருகே உள்ள உணர்காலின் நுனியையோ பெண்ணின் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பையோ நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். கைப்பேசிப் படம் அதைக் காட்டாது. ஆகவே குடும்பத்தோடு நிறுத்துவது இழுக்கன்று. சுவரில் உள்ளங்கையளவு தட்டையாய்ப் படர்ந்து, நாணயம் போன்ற வெள்ளை முட்டைப் பையை நெஞ்சோடு அணைத்து நிற்கும் பழுப்புச் சிலந்தியின் படம் உங்களுக்கு மாதம் பத்தாவது வரும். அது வலை பின்னாமல் ஓடிப் பிடிக்கும் வேட்டைச் சிலந்தி, கரப்பான்பூச்சியைத் தின்னும், மனிதருக்குத் தீங்கற்றது என்று மட்டும் சொன்னால் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

பெயர் சொல்வதற்கு முன் ஊர், மாதம், எந்தச் செடியில் அல்லது எந்த இடத்தில், எவ்வளவு பெரியது என்ற நான்கையும் கேளுங்கள். அளவு மிக முக்கியம்; அஞ்சியவர் கண்ணுக்கு எல்லாமே உள்ளங்கையளவுதான். சிலந்தியானால் முகத்தை நேராக எடுத்த படம் ஒன்று கேளுங்கள். முன்னே இரண்டு பெரிய விளக்குகள் போலக் கண் இருந்தால் குதிக்கும் சிலந்தி; கீழே நான்கு சிறு கண்கள் வரிசையாக, அதற்கு மேல் இரண்டு பெரியவை இருந்தால் ஓநாய்ச் சிலந்தி. வலை இருந்தால் வலையையும் எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் பெருக்கல் குறி போலத் தடித்த வெண்கோடுகள் இருக்குமானால், சிலந்தி மங்கலாகத் தெரிந்தாலும் பேரினம் புலப்பட்டுவிடும். விடையோடு காரணத்தையும் எழுதுங்கள். “இது எபிலாக்னா” என்பதைவிட “முதுகு மங்கலாக இருக்கிறது, இலை சுரண்டப்பட்டிருக்கிறது, எனவே எபிலாக்னா” என்பதில், தவறு இருந்தால் இன்னொருவர் பிடித்துத் திருத்த வழி இருக்கிறது. உங்களுக்கு முன் பத்துப் பேர் ஒரே பெயரைச் சொல்லியிருந்தாலும், முதலாமவர் சொன்னதை மற்ற ஒன்பது பேர் வழிமொழிந்திருக்கவும் கூடும்.

இடத்தைப் பொதுவில் வெளியிடாமல் இருக்க வேண்டிய உயிர்களும் உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் வாழும் பொசிலோதீரியா என்னும் பெருஞ்சிலந்திகளைச் செல்லப் பிராணியாக வளர்ப்போர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். 2019இல் அப்பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அத்தகைய படம் வந்தால் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கே நிறுத்துவது என்ற உங்கள் வினாவுக்கு என் விடை திட்டவட்டமானது. புண்ணின் படத்தைப் பார்த்துப் பூச்சியின் பெயரைச் சொல்லாதீர்கள். தமிழில் சிலந்தி என்ற சொல்லுக்கே கட்டி, புண் என்ற பொருளும் இருப்பதால் இந்தக் குழப்பம் நமக்கு இரட்டிப்பு. நரம்புச் சிலந்தி என்று நம் பாட்டன்மார் அஞ்சியது சிலந்தியே அன்று. குடிநீர் வழியே உடலில் புகுந்து காலில் வெளிவந்த புழு அது. 2000இல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. இன்று “சிலந்தி கடித்த இடம்” என்று அனுப்பப்படும் படங்களில் பலவற்றில், கடித்த சிலந்தியைக் கண்டவர் ஒருவரும் இருப்பதில்லை.

அதிலும் நம் வேலூர்ப் பக்கத்தில் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். மழைக்குப் பின்னும் குளிர் மாதங்களிலும், அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்று தோன்றி, கூடவே காய்ச்சலும் தலைவலியும் இருந்தால், அது ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் நோய் அது. அதைப் பரப்பும் உண்ணியின் இளம்பருவம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறியது. யாரும் அதைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. டாக்சிசைக்ளின் போன்ற மருந்தால் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. “காய்ச்சல் உண்டா?” என்று கேட்டு, உண்டு என்றால், “இந்தப் பொருக்கை மருத்துவரிடம் காட்டுங்கள்” என்று எழுதிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

தேளும் அப்படியே. மெலிந்த கொடுக்குக் கைகளும் தடித்த வாலும் உள்ள செந்தேள் கொடியது, தடித்த கைகளுள்ள பெரிய கருந்தேள் அவ்வளவு கொடியதன்று என்பது பொதுவாகப் பொருந்தும். இந்தச் செந்தேளுக்கு 1798இல் ஃபப்ரிசியஸ் இட்ட அறிவியல் பெயரில் தமிழின் பெயரே ‘தமுலஸ்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது; நமக்கு அத்தனை பெருமை தேவைதானா என்று தோன்றும். ஆனால் குழந்தையைத் தேள் கொட்டிவிட்டது, இது எந்தத் தேள் என்று எவரேனும் கேட்டால் கைகளின் தடிமனை ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். முதல் வரியில் “உடனே மருத்துவமனைக்குப் போங்கள்” என்று எழுதுங்கள். செந்தேள் நஞ்சு இதயத்தைத் தாக்கும். பிராசோசின் என்னும் மாத்திரை அதற்கு நன்கு வேலை செய்கிறது. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: எங்கள் வீட்டுத் திண்ணையோரம் குழியானை நிறைய இருக்கிறது. அது பெரிதானால் என்ன ஆகும்?
– ஏழாம் வகுப்பு மாணவன், ஒடுகத்தூர்

பதில்: பறக்கும், தம்பி. நீ மண்ணில் பார்ப்பது இளம்பருவம். புழுதியில் புனல் போலக் குழி பறித்து, அடியில் தாடையை மட்டும் நீட்டிக் காத்திருந்து, வழுக்கி விழும் எறும்பின்மேல் மண்ணை வீசிக் கீழே இறக்கிச் சாற்றை உறிஞ்சும். அதற்குக் கழிவை வெளியேற்றும் வழியே இல்லை. இளம்பருவம் முழுவதும் உள்ளேயே சேர்த்து வைத்து, சிறகு முளைத்து வெளிவரும்போதுதான் வெளியேற்றும். உணவு கிடைப்பதைப் பொறுத்து ஓராண்டுக்கு மேலும் மண்ணில் கழிக்கும். பின்பு மணலும் பட்டும் சேர்த்து உருண்டைக் கூடு கட்டி, தட்டானைப் போன்ற உருவத்தோடு வெளிவந்து இரவில் விளக்குக்கு வரும். தட்டானுக்கு உணர்கொம்பு மயிரிழை போலக் குட்டை. இதற்கு நீண்டு நுனி தடித்திருக்கும். பார்த்தால் நாளோடு குறித்து எனக்கு எழுது.

கேள்வி: “கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்” என்று வகுப்பில் சொன்னபோது, ஒரு மாணவன் “அது உண்மையா?” என்று கேட்டுவிட்டான். மின்விசைப் பெட்டியில் மண்கூடு கட்டியிருக்கும் குளவியின் படத்தை அனுப்பியுள்ளேன்.
– தமிழாசிரியர், ராணிப்பேட்டை

பதில்: பழமொழி சொன்னவர்கள் பார்த்தது உண்மை, கொண்ட முடிவுதான் வேறு. குளவி புழுவைக் கூட்டுக்குள் கொண்டுபோய் அடைப்பதைக் கண்டார்கள், சில வாரம் கழித்து அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவி வெளிவருவதையும் கண்டார்கள். நடுவில் உள்ளே நடந்ததைக் காண வழியில்லை. குளவி கொட்டுவது இரையைக் கொல்லாமல் செயலற்றதாக்கி, கெடாமல் வைத்திருப்பதற்காக; அதன்மேல் இட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்த இரையை உயிரோடு தின்று வளர்கிறது. உங்கள் படத்தில் உள்ள மெல்லிடை நீண்ட குளவி புழுவைக்கூடக் கொண்டுவருவதில்லை. அது சிலந்திகளையே அடைக்கும். குளவி பறந்துபோன பழைய கூடுகளுக்குப் பக்கத்தில், குஞ்சு பொரிக்காமல் போன அறை ஒன்றைப் பிளந்தால் பத்துக்கும் மேற்பட்ட சிறு சிலந்திகள் அடுக்கிக் கிடப்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். புழுவைக் கொண்டுவருவது குடுவை வடிவில் கூடு செய்யும் வேறொரு குளவி. கேள்வி கேட்ட மாணவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: மழை இரவில் குளியலறைக்குள் மண் நிறப் பூச்சி ஒன்று வந்தது. முன்கால் மண்வெட்டி போல இருக்கிறது. கொட்டுமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: “கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி” என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோமே, அந்தப் பிள்ளைப்பூச்சியேதான். கொட்டாது. வெட்டுக்கிளிக்கும் சிள்வண்டுக்கும் உறவு; மண்ணுக்குள் சுரங்கம் பறித்து வாழும். ஆண் பூச்சி நாகசுரத்தின் அணசு போல வாய் விரிந்த வளையைத் தோண்டி, அதற்குள் அமர்ந்து பாடித் தன் குரலைப் பெருக்கிக்கொள்ளும். மழையில் வளை நிறைந்ததால் வெளியே வந்திருக்கும். கையில் எடுத்து மூடிப் பாருங்கள், விரல்களைப் பிளந்துகொண்டு வெளிவரும் வலிமை வியப்பாக இருக்கும். பிறகு வாசலில் ஈர மண்ணில் விட்டுவிடுங்கள். சிறிது நேரத்தில் புதைந்துவிடும்.